காக்கா தட்டிய கதவு

மில்பிடாஸ், கலிஃபோர்னியா
10 ஏப்ரல் 2005

அன்புள்ள பாரூக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் மச்சிக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரணும் என்று துஆ செய்துகொண்டு உங்கள் ஒரே தங்கச்சி எழுதுகிறேன்.

'உன் உம்மா போனையே எடுக்க மாட்டேங்கிறா, அவ்வளவு ரோஷமா அவளுக்கு?' என்று ஆஃபீஃபாவிடம் கேட்டீர்களாம். அவள் இர்விங்கிலிருந்து எனக்கு அதை இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். ரோஷமெல்லாம் இல்லை காக்கா. போனில் நீங்கள் பேசுவது எனக்குச் சட்டி கொதிக்கிற இரைச்சல் மாதிரிதான் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தால், காது மிஷினோடு பாதி புரியும். போன் என்றால் சுத்தம். ஈமெயிலில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்து அனுப்பினால் நீங்கள் படிக்காமலே மச்சியிடம் தள்ளிவிடுகிறீர்கள். ஆகவே இனிமேல் கடிதம்தான்.

இன்னொன்றையும் ஆஃபீஃபா உளறியிருப்பாள். ஆமாம், வீட்டில் நாய் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், பிறகு ஏசுங்கள். டிசம்பரில் ஒருநாள் கறிச்சட்டி அடிப்பிடித்துப் புகை அலாரம் அலறியிருக்கிறது. நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு பர்வதம் ஆன்ட்டி கதவைத் தட்டி, மணியடித்து, ஒன்றும் நடக்காமல் கடைசியில் தோட்டத்து ஹோஸை எடுத்து என் ஜன்னலில் தண்ணீர் பீய்ச்சினார்கள். மழை என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். வீடு முழுக்கப் புகை.

ஆஃபீஃபாவின் வாப்பா இருந்தவரை அவருடைய காதில் நான் குடும்பம் நடத்தினேன். அவர் மௌத்தான பிறகு ஆஃபீஃபாவின் காது இருந்தது. அவளும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கென்று இர்விங் போய்விட்டாள். காது கேளாதவர்களுக்கு நாய் பழக்கித் தருகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. விண்ணப்பம் போட்டு, அவர்களோடு பயிற்சி எடுத்துக் கூட்டி வந்தேன். குட்டையாக, கறுப்பாக, ஒரு காது மடிந்து கிடக்கும். பெப்பர் என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள். நான் மிளகு என்று கூப்பிடுகிறேன். மணி அடித்தாலோ, அலாரம் அடித்தாலோ, யாராவது என் பெயரைக் கூப்பிட்டாலோ முன்னங்காலால் என்னைத் தொட்டுச் சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிப் போகும். இங்குள்ள இமாமிடம் கேட்டேன். வேலைக்காக வைத்துக்கொள்வதில் குற்றமில்லை, சுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மச்சிக்கு என் சலாம் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்,
சுலைகா


பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
19 ஏப்ரல் 2005

அன்புத் தங்கச்சி சுலைகாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. மச்சி படித்துவிட்டு அழுதாள். நான் படித்துவிட்டு டீ குடிக்காமல் கடைக்குப் போனேன்.

புகை விஷயத்தை நாலு மாதம் கழித்து எழுதுகிறாயே, நான் என்ன உனக்கு யாரோவா?

நாயைப் பற்றி உன் இமாம் சொன்னது சரியாக இருக்கலாம். நாம் ஷாஃபி மத்ஹபு வழி நடக்கிறவர்கள். நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீர். மருந்துக் கடையில் ஒரு மாத்திரையைத் தொட்டாலே கை கழுவுகிறவன் நான். அந்த நாய் உள்ள வீட்டில் எந்தச் சட்டி சுத்தம், எந்தத் தரை சுத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. அதுதான் என்னைச் சுடுகிறது.

இதற்கெல்லாம் அவசியமே இல்லை. கீழே பேஸ்மென்ட் அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன். தனி பாத்ரூம் இருக்கிறது. மச்சி புது ஜமுக்காளம் விரித்து வைத்திருக்கிறாள். நீ வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வா. காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதானே? நான் சத்தமாகப் பேசினால் உனக்குக் கேட்கிறது. நான் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன். மச்சி சொல்கிறாள், நான் ஏற்கெனவே சத்தமாகத்தான் பேசுகிறேனாம்.

நாயை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடு. வேறு யாருக்காவது உதவும்.

உன் காக்கா,
பாரூக்


மில்பிடாஸ்
27 ஏப்ரல் 2005

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெயின்ட் அடித்ததற்கு ரொம்ப நன்றி. அந்த அறைக்கு நான் வரப்போவதில்லை.

கோபப்படாமல் மேலே படியுங்கள். எனக்கு நாற்பத்தொன்பது வயது. சிப் சோதனை லேபில் எனக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். இந்த வீட்டுக்குக் கடன் கட்டி முடித்தாயிற்று. இதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் பேஸ்மென்டில் வந்து உட்கார்ந்து, மேலே மச்சி நடக்கிறாளா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

சும்மா வாயால் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதனால் ஒரு ஒப்பந்தத்துக்கு வருவோம். ஜூனில் ஆர்.வி. வண்டி ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. மெண்டொசினோ கரையோரமாக வடக்கே போகப் போகிறேன். அது நம் கீழக்கரைக் கடல் மாதிரி குளமாகக் கிடக்கிற கடல் இல்லை. பாறையும் பனிமூட்டமும் முரட்டு அலையும். ஆள் நடமாட்டம் குறைவு. நானும் மிளகும் போகிறோம். நீங்களும் வாருங்கள்.

என் வீட்டில் தங்க மாட்டீர்கள், சரி. இது வாடகை வண்டி. டிரைவர் சீட்டுக்கு மேலே ஒரு பரண் படுக்கை இருக்கிறது, ஏணி வைத்து ஏற வேண்டும். மிளகால் அங்கே ஏற முடியாது.

முழுப் பயணமும் என்னோடு இருந்து பாருங்கள். முடிவில், 'நீ தனியா இருக்கவே முடியாது சுலைகா' என்று மனதாரச் சொன்னீர்களானால் நாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிரிட்ஜ்வாட்டர் வருகிறேன். சொல்ல முடியவில்லையானால், நோன்புப் பெருநாளைக்கு என் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட வேண்டும். சம்மதமா?

வஸ்ஸலாம்,
சுலைகா


பிரிட்ஜ்வாட்டர்
8 மே 2005

சுலைகாவுக்கு,

ஸலாம். லாரி மாதிரி இருக்குமே, அதை நீ ஓட்டுவாயா? பின்னால் ஹார்ன் அடித்தால் என்ன செய்வாய்?

சம்மதம். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஹார்னை நான் கேட்டுச் சொல்கிறேன். எனக்கு வேண்டிய மண்ணை என் தோட்டத்திலிருந்தே சலித்து எடுத்து வருகிறேன், அந்த ஊர் மண் எப்படியோ என்னவோ. தொட்டுக்கொள்ள மச்சி மாசிச் சம்பல் ஒரு பாட்டில் தருகிறாள். அது உனக்கும் எனக்கும் மட்டும்.

நான் மனதில் பட்டதைத்தான் சொல்வேன். பிறகு என்னைக் குறை சொல்லாதே.

காக்கா


ட்ரினிடாட் கடற்கரை, வட கலிஃபோர்னியா
17 ஜூன் 2005

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வண்டிக்குள் இருக்கிற மடக்கு மேஜையில் வைத்து எழுதுகிறேன். மிளகு என் காலடியில் படுத்திருக்கிறது. நீங்கள் நல்லபடியாக வீடு சேர்ந்தீர்கள் என்று மச்சி ஆஃபீஃபாவிடம் சொன்னாளாம். அல்ஹம்துலில்லாஹ். என்னிடம் ஒரு வரி சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை.

நீங்கள் மனதில் பட்டதைப் பேசுகிறவர். நானும் இன்றைக்கு அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் மிளகு சரியாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஃபோர்ட் பிராக் முகாமில் வண்டியை நிறுத்தியதுமே அலைச் சத்தத்துக்குப் பயந்து மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டது. அடுப்பு மேலே டைமர் அடித்தபோதுகூட வரவில்லை. 'இதுக்குத்தானா இவ்வளவு பாடு?' என்று என் முகத்துக்கு நேரே கேட்டீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்ய நீங்கள் குளியலறைக் கட்டடத்துக்குப் போயிருக்கிறீர்கள். வண்டிக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. நான் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். மிளகு வந்து தொட்டது, கதவுக்குக் கூட்டிப் போனது, திறந்தேன். நீங்கள் நின்றீர்கள். அது உங்கள் ஈரக் கையை ஒரு நக்கு நக்கிவிட்டது. தப்புதான். நான் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

அதற்காக அப்படியா காக்கா? கையைக் கழுவியதோடு விட்டீர்களா? வண்டியில் இருந்த சட்டி, தட்டு, கரண்டி, கெட்டில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு, ஏழேழு தடவை, மண் கரைத்து, அந்தச் சின்னத் தொட்டியில்! வண்டியில் தண்ணீர் அளவாகத்தான் இருக்கும் என்று நான் கத்தக் கத்த முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நீங்கள் முகத்தைத் திருப்பினால் என்ன சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும். மண் போய்க் குழாயை அடைத்து, கழிவுத் தண்ணீர் பின்னால் குளிக்கிற இடத்தில் பொங்கி வந்தது. நல்ல தண்ணீரும் தீர்ந்துபோனது. 'இந்த வண்டியில இனி ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு சாண்டா ரோசா பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். அதை மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்.

கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு தொட்டிக்குக் கீழே இருக்கிற வளைந்த குழாயை என் கையாலேயே கழற்றினேன். உள்ளே முழுக்கச் சேறு, உங்கள் பிரிட்ஜ்வாட்டர் தோட்டத்துச் சேறு. ஏர்போர்ட்டில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து என்ன இது என்று கேட்டவர்களிடம் பாத்திரம் கழுவ என்று நீங்கள் பதில் சொன்னது ஞாபகம் வந்து அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். கழிவைக் கொட்டுகிற இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போய்க் கொட்டி, கழுவி, புதுத் தண்ணீர் பிடித்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வடக்கே திருப்பினேன்.

ஃபோர்ட் பிராக்குக்கு வடக்கே ரோடு குடலைச் சுருட்டிப் போட்ட மாதிரி போகிறது. ஹார்ன் கேட்டுச் சொல்ல ஆளில்லை. கண்ணாடியில் ஒரு கார் தெரிந்தாலே ஒதுங்கி நின்று வழி விட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்தபோது ஒவ்வொரு ஹார்னுக்கும் என் தோளைத் தட்டித் தட்டி, நான்தான் பதறிப் பதறி ஓட்டினேன். தனியாக நன்றாகவே ஓட்டினேன்.

இங்கே கடலுக்குள் வீடு உயரத்துக்குப் பாறைகள் நிற்கின்றன. அலை வந்து மோதுவது என் காதுக்கு வரவில்லை, உள்ளங்காலுக்கு வந்தது. கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். மிளகுக்கு மெதுவாக பயம் தெளிந்தது. நேற்று ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். மிளகு என் முழங்காலைத் தொட்டது. நான் சும்மா இருந்தேன். திரும்பத் தொட்டு மேட்டுப் பக்கம் இழுத்தது. பார்த்தால், மேலே ஒரு காவலர் இரண்டு கையையும் வீசிக் கூப்பிடுகிறார். தண்ணீர் ஏறுகிற நேரமாம். எழுந்து போனோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறையில் பாதி தண்ணீருக்குள் இருந்தது.

சாகசம் ஒன்றும் இல்லை காக்கா. கூப்பிட்டார்கள், எனக்குத் தெரிந்தது, போனேன். எல்லோருக்கும் நடக்கிறது எனக்கும் நடந்தது. இரண்டு வருஷமாக எனக்கு அது நடக்கவில்லை.

பாதியில் இறங்கிப் போனவருக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை. நான் பிரிட்ஜ்வாட்டர் வரமாட்டேன், மிளகு என்னோடுதான் இருக்கும். பெருநாளைக்கு நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

மாசிச் சம்பலை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். முழுவதையும் நானே தின்றேன்.

வஸ்ஸலாம்,
சுலைகா


மில்பிடாஸ்
24 ஜூலை 2005

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தபால்காரர் வரும்போதெல்லாம் மிளகு என்னைக் கூட்டிப் போய்ப் பெட்டியைக் காட்டுகிறது. மின்சார பில்லும் பல் டாக்டர் கார்டும்தான் இருக்கிறது.

நான் எழுதியதில் ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதாமல் இருப்பது எனக்கு ரொம்ப வலிக்கிறது. வாப்பா, உம்மா போன பிறகு எனக்கு நீங்கள் ஒருவர்தான். ஏசியாவது எழுதுங்கள்.

சுலைகா


பிரிட்ஜ்வாட்டர்
2 ஆகஸ்ட் 2005

அன்புத் தங்கச்சி சுலைகாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். மச்சி குப்பைக் கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்து, 'இதுல எதையாவது அனுப்புங்க, இல்லாட்டி நானே அனுப்பிடுவேன்' என்கிறாள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

அன்றைக்கு விடியலில் நான் வந்தவுடனே நீ கதவைத் திறந்ததாக எழுதியிருக்கிறாய். இல்லை சுலைகா. ஒளூ செய்துவிட்டு வந்து கதவை இழுத்தேன், பூட்டியிருந்தது. மெதுவாகத் தட்டினேன். கையை மடக்கிக் குத்தினேன். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டினேன். 'சுலைகா, சுலைகா' என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வண்டிக்காரன் எழுந்து வெளியே வந்துவிட்டான், நாலு வண்டி தள்ளி ஒருத்தி லைட் போட்டாள். பின் ஜன்னல் திரை கொஞ்சம் விலகியிருந்தது. நீ தெரிந்தாய். எனக்கும் உனக்கும் நடுவே ஒரு தகரம்தான். ஊரே எழுந்துவிட்டது, நீ மட்டும் கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

சத்தமாகப் பேசினால் உனக்குக் கேட்கும் என்று இவ்வளவு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறாய். அது எனக்கு அந்த ஜன்னலில்தான் உறைத்தது.

அப்புறம் அந்த நாய் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. நடுங்கிக்கொண்டே வந்தது. கடல் சத்தத்துக்கு உடம்பெல்லாம் உதறுகிறது, வால் வயிற்றுக்குள் போயிருக்கிறது. கதவைப் பார்த்தது, உன்னிடம் வந்து கையைத் தொட்டது. நீ தூக்கத்தில் தள்ளிவிட்டாய். திரும்பத் தொட்டது. திரும்பவும் தள்ளினாய். அது விடவில்லை. நீ எழுந்து உட்காருகிற வரைக்கும் விடவில்லை.

நீ கதவைத் திறந்தாய். அது கையை நக்கியது. கழுவ ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. உன் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தால் அழுதிருப்பேன். எனக்கு வந்தது கோபம் இல்லை. பயம். தீ என்று வைத்துக்கொள். நான் வெளியே நின்று கத்திக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

பஸ்ஸில் அந்த பேஸ்மென்ட் அறையைப் பற்றித்தான் யோசித்தேன். காலையில் நானும் மச்சியும் கடைக்குப் போனால் இரவுதான் வீடு திரும்புகிறோம். அங்கே உன்னைத் தனியாக உட்காரவைத்துவிட்டு, பத்திரமாக இருக்கிறாய் என்று ஊருக்குச் சொல்லியிருப்பேன். அந்த அறையில் இப்போது மச்சி தையல் மிஷினைப் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை.

நீ தனியாக இருக்க முடியாது என்று என்னால் மனதாரச் சொல்ல முடியாது. பாதியில் இறங்கியவன்தான், ஆனாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பெருநாளைக்கு நானும் மச்சியும் வருகிறோம், இன்ஷா அல்லாஹ். ஏழு தடவை கழுவுவதை விட மாட்டேன், அது என் மார்க்கம். ஆனால் கழுவினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்காகத் தங்கச்சி வீட்டுக்கு வராமல் இருக்க மாட்டேன். பின்பக்கத் தோட்டத்துக் குழாயடியில் ஒரு வாளி மண் எடுத்து வை, உன் ஊர் மண்ணே போதும். உன் குழாயைத் தொட மாட்டேன், பயப்படாதே. எனக்கும் மச்சிக்கும் இரண்டு தட்டு தனியாக மேல் அலமாரியில் வை. உன் கையால் கறியும் இடியாப்பமும் வேண்டும். மாசிச் சம்பல் இரண்டு பாட்டில் தபாலில் வருகிறது. ஒன்றை நான் வரும்வரை மிச்சம் வை.

வாசலில் நின்று கதவைத் தட்டமாட்டேன், கத்தவும் மாட்டேன். ஒரே ஒரு தடவை மணி அடித்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். மிளகு வந்து உன்னிடம் சொல்லும்.

உன் காக்கா,
பாரூக்